கதவருகே கத்தும் பூனை

வீட்டுப் பூனை மாலையில் கதவருகே உட்கார்ந்து கத்தினால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது தாம்பரத்திலும் அதைச் சுற்றிய தென்சென்னைப் புறநகரிலும் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து. ‘நாயைக் கட்டிப்போடலாம், பூனையை அடைச்சு வைக்கக் கூடாது, பாவம்’ என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ‘சுற்றித் திரிவதுதான் அதன் இயல்பு’ என்பார்கள் படித்தவர்கள். சொல் வேறானாலும் பொருள் ஒன்றே: பூனை வெளியைக் கேட்கிறது, வெளியைக் கொடுப்பதே அன்பு, உள்ளே வைப்பது சிறை. இந்தக் கருத்து தொடக்கத்திலேயே பிழைபட்டது. கதவருகே கத்தும் பூனைக்குத் தெரு தேவையில்லை. அதன் உடல் தேடுகிற சில குறிப்பிட்ட பொருள்கள்தாம் தேவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒன்றை மருத்துவர் ஒரே நாளில் தீர்த்துவிடுவார். மற்றவற்றை வீடு கொடுத்துவிடும்.

முதலில் அந்தக் கத்தலைக் கவனித்துக் கேட்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் பூனை 5, 6 மாதத்தில், சில சமயம் 4 மாதத்திலேயே, பருவத்துக்கு வந்துவிடும். அப்போது குழந்தை அழுவதுபோல் இழுத்து இழுத்து இரவெல்லாம் கத்தும், தரையில் உருளும், கதவைப் பிராண்டும். ஒரு வாரம்போல இது நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். பூனையின் சூலகத்தை இயக்குவது பகல் வெளிச்சத்தின் நீளம் என்பதால், குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இந்தச் சுழற்சி ஓய்ந்துவிடுகிறது. சென்னையில் மார்கழி மாதத்திலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஆகவே இங்கே பெண் பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. ஆண்டு முழுக்க அது கத்துவதைக் கேட்கிற வீட்டார், ‘வெளியே போகத் துடிக்கிறது’ என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். கடுவன் பூனையின் கதையும் இதுவே. சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் நாலைந்து நாள் காணாமல் போய்க் காது கிழிந்து திரும்புவதும் வெளியுலக ஆசையால் வருபவை என்று எண்ணப்படுகின்றன. விரையை எடுத்துவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கடுவன்களில் அந்த அலைச்சல் குறைந்துவிடுகிறது. அறுவையில் குறைந்துபோகிற ஒன்றைச் சுதந்திர தாகம் என்று சொல்ல முடியாது.

கருத்தடை செய்யாமல் கதவை மட்டும் திறந்துவிடும் வீட்டில் ஒன்பது வாரம் கழித்து நாலு குட்டி பிறக்கிறது. அவை அட்டைப்பெட்டியில் மீன் மார்க்கெட் ஓரத்துக்கோ கோயில் வாசலுக்கோ போகின்றன. இதைக் கண்டுகொள்ளாமல், 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைச் சிலர் எடுத்துக்காட்டி, பூனையை அடைப்பது குற்றம் என்பார்கள். அந்தப் பிரிவு தடுப்பது, விலங்கு தாராளமாக அசையவும் முடியாத கூண்டில் அதை அடைப்பதை. ஒரு வீட்டை அப்படிச் சொல்ல முடியாது. பசியும் தாகமும் படும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில்தான் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை எடுத்துக்காட்டுவோர் குறைவு.

கருத்தடை முடிந்த பூனையும் மாலையில் கதவருகே போகிறதே என்றால், அதற்குக் காரணம் பொழுது. பூனை இருட்டு கட்டும் நேரத்துக்கும் விடியும் நேரத்துக்கும் உரிய வேட்டை விலங்கு. பகலில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் எழுகிறது. தமிழர் இதை நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். மாலையில் வேலியோரம் வந்த வெருகுப் பூனையைக் கண்டு மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி குறுந்தொகையில் உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலையிலிருந்து திரும்பியவர் களைத்திருக்கிறார், பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், தொலைக்காட்சி ஓடுகிறது. பூனையைப் பார்க்க ஆள் இல்லை. வேட்டைக்கு எழுந்த உடலுக்கு வீட்டில் அசையும் பொருள் ஒன்றுகூட இல்லாதபோது, கதவிடுக்கின் வழியே வரும் வாசனையும் தவிட்டுக்குருவிகளின் கடைசிக் கூச்சலும் அதை இழுக்கின்றன.

இந்த இழுப்பை வீட்டுக்குள்ளேயே தணிக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டினா செக்கெட்டியும் அவர் குழுவினரும் 219 வீடுகளைச் சேர்ந்த 355 பூனைகளைக் கவனித்து 2021இல் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாம் வெளியே போய் வேட்டையாடிப் பழகிய பூனைகள். தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது, அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. இறகு கட்டிய குச்சியை வைத்து நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதால் மட்டும் 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் மணி கட்டிய பூனைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இதன் பொருள் பெரிது. கதவு திறந்தே இருந்தும், தட்டில் போதிய இறைச்சியும் வீட்டில் பத்து நிமிட விளையாட்டும் கிடைத்தபோது பூனைக்கு வேட்டை நாட்டம் தானாகவே தணிந்தது. வெளியே போனால்தான் அது நிறைவடையும் என்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உணவைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தென்சென்னைப் புறநகரில் பூனை வெளியே ஓடுவதற்குப் பாதிக் காரணம் தட்டில் இருக்கிறது. சேலையூர், சிட்லபாக்கம், நங்கநல்லூர்ப் பக்கத்துச் சைவ வீடுகள் பலவற்றில் பூனைக்குக் கிடைப்பது பால்சாதம் அல்லது தயிர்சாதம். அசைவ வீடுகளில் மீன் தலையும் குழம்பு ஊற்றிய சோறும். பூனையின் உடல் இறைச்சியால் மட்டுமே உயிர்வாழும் வகையில் அமைந்தது. இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்தை அதனால் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்தோடு அதற்கிருக்கும் தொடர்பு 1987இல் உறுதிப்பட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிப்பதில்லை. தயிர்சாதம் தின்ற பூனை பக்கத்து வீட்டு மதிலேறி அணிலையும் பல்லியையும் தேடுவது, அதற்கு வேண்டியது தட்டில் இல்லாததால். வீட்டில் இறைச்சி சமைக்காதவர்கள், டாரின் சேர்த்த பூனை உணவைப் பொட்டலமாக வாங்கி வைக்கலாம். அதுவும் மனத்துக்கு ஒவ்வாது என்றால் பூனை வளர்க்காமல் இருப்பதே நேர்மை. சைவத்தைப் பூனைமேல் ஏற்றிவிட்டு, அது வெளியே போய்க் கொன்று தின்பதைக் காணாததுபோல் இருப்பது அந்தப் பூனைக்கும் நல்லதல்ல, சைவத்துக்கும் நல்லதல்ல.

இனி அந்த வெளி எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். பூனையை வெளியே விடுவதை ஆதரிப்போர் மனத்தில் இருக்கும் தாம்பரம் ஒரு பழைய தாம்பரம்: ஓட்டு வீடு, கிணற்றடி, வேலி, பின்னால் வயலும் ஏரியும், எப்போதாவது ஒரு பேருந்து. அங்கே பூனை கூரையிலிருந்து கூரைக்குத் தாவி ஊரைச் சுற்றிவந்தது உண்மை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம் முதல் திருநீர்மலை வரையிலான 5 பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாக்கியபோது, அந்த ஊர் எப்போதோ மறைந்துபோயிருந்தது. ஜிஎஸ்டி சாலையும் வேளச்சேரி சாலையும் முடிச்சூர் சாலையும் இரவு 2 மணிக்கும் ஓய்வதில்லை. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கே போகும் பேருந்து நெரிசலும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. உட்தெருக்களில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருபுறமும் கார்கள் நிற்கின்றன. மழையில் சூடு தேடி எஞ்சினுக்குள் ஏறிப் படுத்த பூனை காலையில் வண்டியைக் கிளப்பும்போது என்னவாகிறது என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

நாய்கள் அடுத்த கேள்வி. பெருநகர சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பு தெருநாய்களின் எண்ணிக்கையைச் சுமார் 1.8 லட்சம் என்று காட்டியது. தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும் நிலைமை வேறல்ல என்பதை இரவு 11 மணிக்குமேல் ராஜகீழ்ப்பாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ நடந்துபோகிறவர் அறிவார். பகலில் சோம்பிக் கிடக்கும் நாய்கள் இரவில் கூட்டம் சேர்கின்றன. தனி நாயிடமிருந்து மதிலேறித் தப்பும் பூனையை நாலு நாய்கள் மறித்தால் அதற்கு வழியில்லை. இங்கிலாந்தில் பூனைகள் வெளியே போய்வருவது வழக்கம் என்பதைச் சான்றாகக் காட்டுவோர் இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்டுத் தெருவில் சொந்தக்காரர் இல்லாத நாய்க்கூட்டம் கிடையாது. அங்கேயே நிலை என்ன? லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதுக்குள் இறந்த பூனைகளில் ஏறக்குறைய பாதி அடிபட்டுக் காயத்தால் இறந்தவை. அந்த அடியில் பெரும்பங்கு வண்டிகளால் வந்தது. தெருநாய்க்கூட்டமற்ற, ஒழுங்கான போக்குவரத்துள்ள நாட்டின் கணக்கு இது.

இந்த இடத்தில் மறுதரப்பிலும் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘வீட்டுப் பூனை 15 ஆண்டு வாழும், வெளிப்பூனை 3 ஆண்டுதான்’ என்ற கணக்கு எங்கும் சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறுகிற ஒன்றை ஒரே எண்ணில் அடக்க முடியாது. பூனையை உள்ளே வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த எண் தேவையும் இல்லை. ஒரு தெருவில் எத்தனை வண்டி, எத்தனை நாய், எத்தனை வீட்டில் எலி பேஸ்ட் வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

எலி பேஸ்ட் எனப்படும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை மனிதரின் கல்லீரலையே அழிப்பது. தக்காளித் துண்டிலோ கருவாட்டிலோ தடவி மாடிப்படிக்குக் கீழே வைத்ததையும், அதைத் தின்று தள்ளாடும் எலியையும் பூனை தேடிப்போய் எடுக்கும். ஏரிகளை ஒட்டிய தெருக்களில் பாம்பு இருக்கிறது. சென்னைப் பாம்புப் பண்ணை 1972இல் கிண்டிக்குப் போவதற்கு முன் ரோமுலஸ் விட்டேக்கர் அதைத் தொடங்கிய இடமே சேலையூர்தான். அங்கே பாம்பு அரிதாக இருந்த காலம் எப்போதும் இல்லை. மழைக்காலத்தில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் மேட்டைத் தேடி வீட்டோரம் வருகின்றன, பூனை அவற்றை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், கூப்பிட்ட குரலுக்கு வராத பூனையைத் தேட நேரமில்லாமல் படகேறிய குடும்பங்கள் உண்டு. வீட்டுக்குள் இருந்த பூனை ஒரு கூடைக்குள் ஏறியது. நோய்களைச் சொன்னால் பட்டியல் நீளும். பூனைக்குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பான்லியூக்கோபீனியா, சண்டைக் கடியால் பரவும் எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ், எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநோய். வெளியே கடிபட்டு வந்த பூனை வீட்டுக் குழந்தையைப் பிராண்டினால், அந்தக் குழந்தையை ஊசிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

‘எலி பிடிக்கத்தானே பூனை, அதையும் அடைத்துவிட்டால் எதற்கு?’ என்ற கேள்வி புறநகரில் வலுவாக ஒலிக்கிறது. இதில் பாதி உண்மை. வீட்டுக்குள் ஓடும் சுண்டெலியைப் பூனை பிடிக்கும், அதற்கு அது வீட்டுக்குள் இருந்தால் போதும். தெருச் சாக்கடையில் வாழ்வது பெருச்சாளி. அரைக் கிலோவுக்கு மேல், சில சமயம் ஒரு கிலோ எடையுள்ள பெருச்சாளியோடு சராசரிப் பூனை மோதுவதில்லை, ஒதுங்கிப் போகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மைக்கேல் பார்சன்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் எலிகள் மொய்க்கும் ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்கே உலவிய பூனைகள் அத்தனை நாளில் கொன்ற எலி இரண்டு. 2018இல் வெளியான முடிவு இது. வெளிப்பூனையின் வாய்க்கு எளிதில் அகப்படுவது அணில், ஓணான், பறக்கப் பழகும் மைனாக் குஞ்சு, தரையில் இரை தேடும் தவிட்டுக்குருவி. தாம்பரத்துக்கு ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022 முதல் ராம்சர் தலம். இன்னொரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. நடுவில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடு. இவற்றின் ஓரத்தெருக்களில் இரவில் அவிழ்த்துவிடும் ஒவ்வொரு பூனையும் தரையில் கூடுகட்டும் பறவைக்குக் கூடுதல் பகை. சாக்கடைப் பெருச்சாளிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

எதிர்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு இப்போது வர வேண்டும். உள்ளேயே இருக்கும் பூனை பருத்துப் போகிறது, சோர்ந்து கிடக்கிறது, சிறுநீர் அடைப்பு வருகிறது, மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது, காலைக் கடிக்கிறது. இவை எல்லாம் நடப்பவை. மறுப்பதற்கில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் பூட்டிய கதவா, வெறுமையான வீடா என்பதே கேள்வி. இதைச் சோதித்துப் பார்த்தவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன். காரணம் தெரியாமல் சிறுநீர்ப்பை அழற்சியால் திரும்பத் திரும்ப அவதிப்பட்ட 46 வீட்டுப் பூனைகளின் சொந்தக்காரர்களிடம் அவர் வீட்டை மாற்றச் சொன்னார்: ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், சுத்தமான மலத்தட்டு, ஒழுங்கான விளையாட்டு, பயமுறுத்தாத மனிதர்கள். பத்து மாதம் பின்தொடர்ந்ததில் சிறுநீர்த் தொல்லையும் அச்சமும் வெகுவாகக் குறைந்தன. 2006இல் வெளிவந்த இந்த ஆய்வில் அந்தப் பூனைகள் ஒன்றையும் வெளியே விடவில்லை. கதவு மூடியே இருந்தது, நோய் தணிந்தது.

‘பெரிய வீடு உள்ளவர்களுக்கு அது சரி’ என்பார்கள். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு சுமார் 400 சதுர அடி. அங்கே நாலு மனிதர்களே நெருங்கி வாழ்கிறார்கள். ஆனால் பூனை இடத்தை அளப்பது தரையால் அல்ல. பத்தடி உயரச் சுவரில் மூன்று மட்டங்களில் மரப்பலகை அடித்து, பீரோவின் மேலும் லாஃப்டின் ஓரத்திலும் ஒரு சாக்கை விரித்து, இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்படி இணைத்தால் பூனையின் வீடு இரண்டு மடங்காகிறது. மேலிருந்து கீழே நடப்பதைப் பார்க்கும் இடம் கிடைத்த பூனை கதவைக் காவல் காப்பதில்லை. தரையில் மட்டும் வாழவேண்டிய பூனைக்கு மூவாயிரம் சதுர அடி வில்லாவும் குறுகலானது. ஏற இடமுள்ள பூனைக்கு ஓரறை வீடு போதும். பணம் அல்ல, பலகையும் ஆணியும்தான் வேறுபாடு.

உண்மையில் புறநகர் வீடுகளுக்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே கட்டிவைத்ததுபோல் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தனி வீடுகள் பெரும்பாலானவற்றில் சிட்அவுட்டைத் தரையிலிருந்து கூரை வரை கிரில் போட்டு அடைத்திருப்பார்கள். அந்தக் கிரில்லின் உட்பக்கம் வெல்டு மெஷ் கம்பிவலையைக் கட்டிவிட்டால், வெயிலும் காற்றும் மழைச்சாரலும் தெருக் காட்சியும் உள்ள ஓர் அறை பூனைக்குக் கிடைக்கிறது. வெளியே இருப்பதன் இன்பம் அத்தனையும் அங்கே உண்டு. அடுக்குமாடியில் பால்கனி அதே வேலையைச் செய்யும், ஆனால் புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை நம்பக் கூடாது. பூனை அதைக் கடித்தும் பிராண்டியும் ஓட்டையாக்கிவிடும். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றித் தப்பிவிடும் என்பதும் இன்னொரு பரவலான தவறு. நியூயார்க்கின் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு 1984இல் ஐந்தே மாதத்தில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. மருத்துவம் கிடைத்ததால் பத்தில் ஒன்பது பிழைத்தன. பிழைத்தவையும் தாடை உடைந்தும் நெஞ்சுக்கூட்டில் அடிபட்டும் வந்தவை. மேடவாக்கத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பத்து, பதினைந்து மாடிகள் எழும்பி நிற்கும் இந்நாளில் முதலில் வலை, பிறகு பூனை என்பதே முறை.

வாசனை என்பது வீட்டார் எளிதில் மறந்துவிடும் பொருள். பூனைக்கு வீடு என்பது தன் கன்னத்தையும் விலாவையும் தேய்த்து எழுதிவைத்த மணங்களின் வரைபடம். நாள்தோறும் பினாயில் ஊற்றித் துடைக்கும் வீட்டில் அந்த வரைபடம் நாள்தோறும் அழிகிறது. பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு என்பதால் அது நஞ்சாகவும் ஆகிறது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போகும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதுமானவை. பூனை தேய்த்த மூலையையும் அது படுத்த துணியையும் வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடலாம். வெளியின் மணத்தை உள்ளே கொண்டுவருவதும் எளிது: முருங்கைக் கிளை ஒன்று, மழையில் நனைந்த ஒரு கல், காய்ந்த வேப்பிலைச் சருகு ஒரு பெட்டி நிறைய. தொட்டியில் வளர்த்த அருகம்புல்லைப் பூனை மேயும். பூச்செடிகளில் அரளியும் செங்காந்தளும் லில்லி வகைகளும் பூனை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

மேலைநாட்டார் கேட்னிப் என்று ஒரு செடியைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். இங்கே குப்பைமேனி காலி மனை எங்கும் முளைத்துக் கிடக்கிறது. தமிழ் மருத்துவர்கள் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். காரணம் அதன் வேர். புதிதாகப் பிடுங்கிய வேரின் மணத்தில் பூனை மயங்கி, முகத்தைத் தேய்த்து, உருண்டு புரளும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இந்தப் பெயரை மறந்துவிட்டு இணையத்தில் கேட்னிப் வாங்குவது வருத்தத்துக்குரியது. செடியில் உடலுக்கு ஆகாத பொருள்களும் இருப்பதால் மண்ணைக் கழுவி, ஒரே ஒரு வேரை, வாரத்தில் ஒருநாள், முகர்ந்து புரள மட்டும் கொடுத்து, பிறகு எடுத்துவிட வேண்டும். மென்று விழுங்க விடக் கூடாது.

விளையாட்டுக்கு விலைகூடிய பொருள் ஒன்றும் வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியின் நுனியில் நூலைக் கட்டி, நூலில் கோழி இறகைக் கட்டினால் போதும். ஆட்டும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது, எந்த இரையும் பூனையை நோக்கி ஓடிவருவதில்லை. நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறைந்து, நின்று, மெல்ல நகர்ந்து, விலகி ஓட வேண்டும். பூனை பதுங்க நேரம் கொடுக்க வேண்டும். கடைசியில் பிடிக்க விட வேண்டும், பிடித்த கையோடு இரவு உணவை வைக்க வேண்டும். பதுங்கி, பாய்ந்து, கொன்று, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது என்பது பூனையின் உடம்பில் எழுதியிருக்கும் வரிசை. விளக்கொளியை மட்டும் சுவரில் காட்டித் துரத்தவிடும் வழக்கம் இந்த வரிசையைப் பாதியில் அறுத்துவிடுகிறது. கையில் ஒன்றும் அகப்படாத பூனை இன்னும் பரபரப்பாகிறது. நகம் தீட்ட, பூனை நிமிர்ந்து நின்றால் எட்டும் உயரத்துக்கு ஒரு கட்டையில் தேங்காய் நார்க்கயிற்றை இறுக்கிச் சுற்றி, அது தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் ஆடாமல் நிறுத்திவைக்கலாம். மலத்தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, சோற்றுத்தட்டுக்குத் தொலைவில் இருக்க வேண்டும்.

வெளியே போய்ப் பழகிவிட்ட பூனையை உள்ளே திருப்ப முடியாது என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. அதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை மழை. பூனை தானாகவே உள்ளே தங்க விரும்பும் மாதங்கள் அவை. கருத்தடையும் தடுப்பூசியும் முதலில் முடிந்திருக்க வேண்டும். பிறகு மாலை விளையாட்டையும் உணவையும் அது வழக்கமாக வெளியேறும் நேரத்துக்கு அரைமணி முன்னதாக வைக்க வேண்டும். முதல் வாரங்களில் கத்தும். அந்தக் கத்தலுக்கு ஒருமுறைகூட கதவு திறக்கக் கூடாது. பத்து நாள் பொறுத்துவிட்டுப் பதினோராம் நாள் இரக்கப்பட்டுத் திறந்தால், பதினொரு நாள் கத்தினால் கதவு திறக்கும் என்று பூனை கற்றுக்கொள்கிறது. வீட்டில் ஒருவர் மூட ஒருவர் திறந்துவிடும் இடங்களில் இந்த முயற்சி தோற்பதும், ‘பார்த்தீர்களா, அதன் இயல்பை மாற்ற முடியவில்லை’ என்று பழி பூனைமேல் விழுவதும் இதனால்தான். எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலான பூனைகளின் மாலை நேரக் காவல் கதவிலிருந்து ஈர்க்குச்சி வைத்திருக்கும் மூலைக்கு மாறிவிடுகிறது. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிய பட்டை போட்டு, வெயில் தாழ்ந்த பின் மொட்டை மாடிக்குக் கயிறோடு அழைத்துப் போவது சில பூனைகளுக்குப் பிடிக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் சிமெண்டுத் தரை ஆறுகிற வரை காத்திருக்க வேண்டும்.

இவை எதுவும் பொருந்தாத பூனை ஒன்று உண்டு. குட்டிப்பூனை மனிதக் கையோடு பழகும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அந்த வாரங்களில் மனிதரைத் தொடாமல் தெருவில் வளர்ந்து பெரிதான பூனை வீட்டை ஏற்பதில்லை. அதைப் பிடித்து அறையில் பூட்டினால் கட்டிலடியில் உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கும். அதற்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டு, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சோறும் தண்ணீரும் வைப்பதே அதற்குச் செய்யக்கூடிய நன்மை. பூனையை உள்ளே வைக்க வேண்டும் என்ற வாதம், மனிதர் மடியில் வளர்ந்து, மனிதர் கையில் உண்டு, அவர்கள் வீட்டையே தன் இடமாகக் கொண்ட பூனைக்கு உரியது.